வழியிடையே தொலைந்த சாவி

வீட்டுப் பூட்டுக்கும் மோட்டார் வண்டியின் பூட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீடு நின்ற இடத்திலேயே நிற்பது. அதன் சாவி தொலைந்தால், ‘இவர் இவ்வீட்டுக்காரர்’ என்று சொல்ல அண்டை அயலார் நால்வர் இருக்கின்றனர். பூட்டைத் திறந்து கொடுக்கும் தொழிலாளியும் நம் ஊரிலேயே இருப்பார். காரோ நம்மை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், நம்மை அறிந்தார் ஒருவரும் இல்லாத ஊரில் நிறுத்திவிடுகிறது. அந்த வண்டி நம்முடையதுதான் என்பதற்கு அங்கே நம் கையில் இருக்கும் சான்று சாவி ஒன்றே. அது ஒடிந்தாலோ தொலைந்தாலோ, வண்டியும் நம்மை அறியாது. ஊரும் நம்மை அறியாது.

ஆகவே, வெளியூரில் சாவியை இழத்தல் என்பது ஓர் உலோகத் துண்டை இழத்தல் அன்று. உரிமைச் சான்றை இழத்தலாகும். இதை மனத்தில் கொண்டால், அந்நேரத்தில் எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யலாகாது, புறப்படுமுன் எவற்றை ஏற்பாடு செய்திருக்கவேண்டும் என்பவை எளிதில் விளங்கும். அவற்றை இன்று முறையாகப் பார்ப்போம்.

சாவி எவ்வாறு சான்றாயிற்று என்பதை முதலில் அறிதல் நலம். மோட்டார் வண்டியின் தொடக்க நாள்களில் எஞ்சினைக் கிளப்பக் கை வலிமையே வேண்டியிருந்தது. வண்டியின் முன்புறத்தில் ஒரு வளைகம்பியைச் செருகிச் சுழற்றுவார்கள். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் அமைத்த மின்பொறி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்று, அந்தத் துன்பத்தைப் போக்கிற்று. அதன் பின்னரும் பல வண்டிகளில் சாவியைத் திருப்பிய பிறகு, எஞ்சினைக் கிளப்பத் தனியாக ஒரு பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது. சாவியைத் திருப்பிய அளவிலேயே எஞ்சின் கிளம்பும் முறை 1949ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் வண்டிகளில் வந்தது. பின்னர் அதுவே உலகெங்கும் பரவியது.

அக்காலச் சாவி முழுவதும் உலோகமே. அதன் விளிம்பிலுள்ள மேடு பள்ளங்கள் பூட்டினுள் இருக்கும் சிறு தகடுகளை உரிய உயரத்தில் நிறுத்தும். அப்போதுதான் பூட்டின் உருளை திரும்பும். அந்த மேடு பள்ளங்களைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டத் தெரிந்த எவரும் வண்டியைத் திறக்கலாம். சாவியே இல்லாமல் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போகும் திருடர்களும் இருந்தனர். இதனால், சாவியை எடுத்தவுடன் ஸ்டியரிங் சக்கரமே பூட்டிக்கொள்ளும் அமைப்பு வந்தது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி அதனைக் கட்டாயமாக்கியது.

அதற்கு அடுத்த படி, சாவிக்குள் மின்னியல் அடையாளத்தைப் புகுத்தியதாகும். 1986ஆம் ஆண்டு மாடலாக வந்த கார்வெட் என்னும் அமெரிக்க வண்டியின் சாவியில் ஒரு சிறு மின்தடை பதிக்கப்பட்டிருந்தது. தடையின் அளவுகள் மொத்தம் 15. வண்டி எதிர்பார்க்கும் அளவு சாவியில் இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. 1990களில் இது மேலும் வளர்ந்து, சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு நுண்சில்லை வைக்கும் முறையாயிற்று. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திற்கும் இத்தகைய தடுப்பமைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் ஓடும் கார்களிலும் பெரும்பாலானவற்றில் இன்று இது இருக்கிறது.

இந்தச் சில்லு வேலை செய்யும் விதம் சுவையானது. அதற்கென்று மின்கலம் இல்லை. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம்போல் அமைந்திருக்கும். சாவியைச் செருகித் திருப்பும்போது, அந்தச் சுருளில் எழும் காந்தப்புலமே சில்லுக்குச் சிறிது மின்சாரத்தை ஊட்டும். சில்லு விழித்துக்கொண்டு தன் அடையாள எண்ணைச் சொல்லும். பிற்கால அமைப்புகளில் வண்டி ஒரு கேள்வி கேட்கும். சில்லு அதற்கேற்ற விடையைக் கணக்கிட்டுத் தரும். விடை சரியானால் எஞ்சின் ஓடும். தவறானால், எஞ்சின் கிளம்ப மறுக்கும். அல்லது ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துள் நடந்துவிடுவதால் நாம் அறிவதில்லை.

இவற்றினும் புதியது, செருகவே வேண்டாத சாவி. அது சட்டைப் பையில் இருந்தாலே போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். வண்டி மெல்லிய குரலில் அழைக்க, சாவி தன் மின்கலத்தின் வலிமையால் வானலை வழியே மறுமொழி தருகிறது என்று இதனைச் சொல்லலாம்.

ஆக, வெறும் உலோகச் சாவி, சில்லுடைய சாவி, செருகாச் சாவி என மூவகை உண்டு. நம்முடையது எவ்வகை என்பதை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து இன்றே அறிந்துகொள்ளவேண்டும். சாலையோரத்தில் நின்று செலவையும் காலத்தையும் கணக்கிடும்போது முதற்கேள்வி அதுவாகவே இருக்கும்.

இனி, இடர் நேர்ந்த நேரத்தில் செய்யவேண்டுவனவற்றைக் காண்போம்.

எல்லாவற்றிற்கும் முந்தியது உயிர். சாவி உள்ளே அகப்பட்டு, கதவுகள் பூட்டிக்கொண்ட வண்டிக்குள் குழந்தையோ முதியவரோ நோயாளியோ வாயில்லாப் பிராணியோ இருந்தால், சாவியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. வெயிலில் நிற்கும் வண்டியினுள் வெப்பம் ஏறும் வேகத்தை 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. வெளியே 22 பாகை செல்சியஸ் மட்டுமே இருந்த நாளிலும், ஒரு மணி நேரத்துக்குள் வண்டியின் உள்ளே ஏறக்குறைய 47 பாகை ஆகிவிடக்கூடும் என்றும், ஏறும் வெப்பத்தில் 80 விழுக்காடு முதல் அரை மணிக்குள் ஏறிவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரும்பயன் இல்லை என்றும் அது கண்டது. நம் சித்திரை வெயிலில் நிலைமை என்னவாகும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறுவது.

அத்தகைய வேளையில், ஒருவர் 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கட்டும். மற்றொருவர் அப்போதே கண்ணாடியை உடைக்கட்டும். முன்புறக் கண்ணாடியை உடைக்க முயலவேண்டா. அது இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒரு படலத்தை ஒட்டிச் செய்யப்படுவது. விரிசல் விடுமேயன்றி வழி விடாது. பக்கக் கண்ணாடிகள் பொதுவாக ஓர் அடியில் சிறு மணிகளாக உதிரும் வகையின. குழந்தை அமர்ந்திருக்கும் இடத்திற்கு மிகத் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியைத் தேர்ந்து, நம் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றி, கூரிய கருவியால் கண்ணாடியின் மூலையில் தாக்கவேண்டும். நடுவில் அடித்தால் அது எளிதில் உடையாது. கண்ணாடிக்கு விலை உண்டு. அதை நினைத்துத் தயங்குவதற்கு அது நேரமன்று.

உயிருக்கு இடர் இல்லையெனில், கண்ணாடியை உடைப்பதும் கதவிடுக்கில் கம்பியை விடுவதும் கடைசி வழிகளாகவே இருக்கட்டும். முதலில் நான்கு கதவுகளையும் பின்புற மூடியையும் ஒன்றுவிடாமல் இழுத்துப் பார்க்கவேண்டும். பதற்றத்தில் ஓட்டுநர் பக்கக் கதவையே பத்து முறை இழுத்துக்கொண்டிருப்போர் பலர். சில புதிய வண்டிகளைக் கைப்பேசிச் செயலி வழியாகவே திறக்கலாம். கதவுக்குள் இக்காலத்தில் மின்கம்பிகளும், பக்கவாட்டு மோதலில் விரியும் காற்றுப்பைக்குரிய கருவிகளும் இருக்கக்கூடும். பழக்கமில்லாதவர் உள்ளே விடும் கம்பி, புதிய சாவியின் விலையைவிடப் பெரிய செலவை உண்டாக்கிவிடும்.

நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் இவ்விடர் நேர்ந்தால், வண்டியில் வந்தோர் அனைவரும் சாலை ஓரத்தைவிட்டு நன்கு விலகி நிற்கவேண்டும். வண்டி திறந்திருந்தால் எச்சரிக்கை விளக்குகளைப் போடலாம். அவை பொதுவாகச் சாவி இல்லாமலும் எரியும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணை அழைத்து உதவி கேட்கலாம். அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல்லில் காணும் எண்ணைச் சொன்னால், உதவிக்கு வருவோர் இடத்தை உடனே கண்டுகொள்வர்.

சாவி ஒடிவதைப் பற்றி இனிப் பேசலாம். சாவி பெரும்பாலும் தானே ஒடிவதில்லை, நாமே ஒடிக்கிறோம். பொட்டலத்தின் கட்டை அவிழ்க்கவும், சோடாப் புட்டியின் மூடியை நெம்பவும் சாவியைப் பயன்படுத்துவதால் அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, பெரிய பதக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டால், வண்டி ஆடும்போதெல்லாம் அந்தப் பாரம் சாவியின் கழுத்தை அசைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் சற்று வலிந்து திருப்பியதும் அது ஒடிந்துவிடுகிறது.

வலிந்து திருப்பவேண்டிய நிலை ஏன் வருகிறது? வண்டியை நிறுத்தும்போது சக்கரங்கள் ஒருபுறம் திரும்பி நின்றிருந்தால், ஸ்டியரிங் பூட்டு அழுத்தத்தில் சிக்கிக்கொள்ளும். அப்போது சாவி திரும்பாது. பலர் சாவிமீது பலத்தைக் காட்டுவது இங்கேதான். சாவியை மென்மையாகத் திருப்பியவாறே மறு கையால் ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமும் மெல்ல அசைத்தால், சிக்கு விடுபட்டுச் சாவி தானே திரும்பும். இந்தச் சிறு செய்தியை அறிந்தவர், ஒடிய இருந்த ஒரு சாவியைக் காப்பாற்றுவார்.

ஒடிந்தே விட்டால், முதல் விதி, இரண்டு துண்டுகளையும் போற்றி வைத்தல். இரண்டும் கையில் இருந்தால், அவற்றைப் பொருத்தி வைத்துப் பார்த்து, புதிய உலோகத்தில் அதே வடிவை வெட்டத் தொழிலாளிக்கு இயலும். ஒடிந்த முனை பூட்டுக்குள் இருந்தால், மற்றத் துண்டை அதன்மேல் செருகி அழுத்தலாகாது. அது ஒடிந்த முனையை இன்னும் உள்ளே தள்ளிவிடும். விரைவில் ஒட்டும் பசையைத் தடவி இழுத்துப் பார்ப்போரும் உண்டு. பசை வழிந்து பூட்டின் தகடுகளோடு ஒட்டிக்கொண்டால் பூட்டையே மாற்றவேண்டி வரும்.

சாவி செருகவும் எடுக்கவும் கூடிய நிலையில் பூட்டின் உருளை நின்றால் மட்டுமே முனை வெளியே வரும். திருப்பிய நிலையில் ஒடிந்திருந்தால், உருளையை மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முனை சிறிதேனும் வெளியே தெரிந்தால் மெல்லிய குறட்டால் நேராக இழுக்கலாம். தெரியாவிட்டால், அதற்கென்றே கொக்கி முனையுள்ள கருவி வைத்திருக்கும் தொழிலாளியை அழைப்பதே அறிவுடைமை. பூட்டு இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெயை விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அப்போதைக்கு வழுக்கினாலும், பின்னர்ப் புழுதியைச் சேர்த்துப் பிசினாகும். உலர்ந்த கிராஃபைட் பொடியே ஏற்றது. கிடைக்காவிடில், பென்சில் கரியைச் சீவிய தூளைச் சிறிதளவு சாவியில் தடவலாம்.

சில்லுடைய சாவியாயின் இன்னொரு கவனம் வேண்டும். சாவியின் நெகிழித் தலை உடைந்து சிதறினால், அதனுள் இருந்த சில்லு தரையில் விழுந்திருக்கக்கூடும். அது ஒரு சிறு மாத்திரையளவே இருக்கும். பல சாவிகளில் கரிய சிறு கட்டியாகவோ மெல்லிய கண்ணாடிக் குழாயாகவோ காணும். நின்ற இடத்திலிருந்து ஒரடியும் வைக்காமல், குனிந்து தேடி எடுத்துத் தாளில் மடித்து வைத்துக்கொள்ளவேண்டும். அது இருந்தால் பாதி இடர் தீர்ந்தது. வெட்டிய புதிய உலோகச் சாவியைத் துளையில் செருகி, பழைய சில்லைத் துளையின் ஓரத்திலுள்ள வளையத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பினால், பல வண்டிகளில் எஞ்சின் கிளம்பும். ஊர் வந்து சேர அது போதும்.

சில வேளைகளில் சாவி தொலையவும் இல்லை, ஒடியவும் இல்லை; ஊமையாகிவிட்டது. செருகாச் சாவியினுள் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், வண்டி நம்மை அறியாததுபோல் வாளாவிருக்கும். பலர் இதனைப் பெரும் பழுதென்று எண்ணி இழுவை வண்டியை அழைத்துவிடுகின்றனர். இத்தகைய சாவியினுள்ளே பெரும்பாலும் ஒரு மெல்லிய உலோகச் சாவி மறைந்திருக்கும். பக்கத்திலுள்ள சிறு தாழை நகர்த்தினால் அது வெளியே வரும். ஓட்டுநர் பக்கக் கதவுக் கைப்பிடியில், சில வண்டிகளில் ஒரு மூடிக்குள், அதற்குரிய துளை இருக்கும். உள்ளே சென்றபின், ஊமைச் சாவியைக் கிளப்பும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், முன்பு சொன்ன மின்கலம் வேண்டாச் சில்லு வேலை செய்து எஞ்சினைக் கிளப்பும். சில வண்டிகளில் சாவியை வைப்பதற்கென வேறோர் இடம் இருக்கும். கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். பல சாவிகளுக்குரிய மின்கலம், சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட்டு வகையாகும். கைக்கடிகாரக் கடைகளில் அது கிடைக்கும். பழைய மின்கலத்தைக் குழந்தைகள் கையில் படாதவாறு அகற்றிவிடவேண்டும்; விழுங்கினால் பெருந்தீங்கு விளையும்.

செருகாச் சாவியில் இன்னுமொரு விந்தை உண்டு. கணவர் இரயில் நிலையத்தில் இறங்கிச் செல்கிறார்; சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. மனைவி வண்டியை ஓட்டிக்கொண்டு புறப்படுகிறார். வண்டி எச்சரிக்கை ஒலி எழுப்புமேயன்றிப் பெரும்பாலும் நிற்பதில்லை. ஓடும் எஞ்சினை நடுவழியில் நிறுத்துதல் ஆபத்தாகும் என்பதால் அவ்வாறு அமைத்திருக்கின்றனர். ஆனால் வீட்டில் நிறுத்திய பிறகு அது மீண்டும் கிளம்பாது. எச்சரிக்கையைக் கண்டவுடன் எஞ்சினை நிறுத்தாமல் திரும்பிச் சென்று, சாவியை வாங்கிக்கொள்வதே தக்கது.

முற்றிலும் தொலைந்த சாவியைப் பற்றி இனிக் காண்போம். வெளியூரில் சாவி தொலையும் இடங்களுள் நீர்த்துறை முதன்மையானது. இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தில் நீராடும்போதும், குற்றாலத்தில் அருவியில் நிற்கும்போதும் இடுப்பிலோ பையிலோ செருகிய சாவி நழுவுவது எளிது. நீராடாமல் கரையில் இருக்கும் ஒருவரிடம் சாவியை ஒப்படைத்தல் நன்று. கடல்நீரில் விழுந்து மீண்ட சாவியாயின், உடனே மின்கலத்தைக் கழற்றி, நல்ல நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தவேண்டும். உப்பு தங்கினால் உள்ளுறுப்புகளை அரித்துவிடும்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. வண்டியைக் கடைசியாகப் பூட்டிய நேரம் முதல் நாம் சென்ற இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அதே வழியில் திரும்ப நடக்கவேண்டும். உணவு விடுதியின் கல்லா, கோவிலின் காலணி காக்கும் இடம், நிறுத்துமிடக் காவலர் ஆகியோரிடம் கேட்கவேண்டும். கண்டெடுப்போர் பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான் கொடுத்துச் செல்வர். நம் கைப்பேசி எண்ணை அவர்களிடம் கொடுத்துவைக்கலாம்; ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவேண்டா. ஒருவர் தேடச் செல்லும்போது மற்றொருவர் வண்டியருகிலேயே இருத்தல் வேண்டும். சாவி நழுவியதா, எவரேனும் எடுத்துச் சென்றனரா என்பது நமக்குத் தெரியாதன்றோ? திறக்கும் பொத்தானுள்ள சாவி தீயவர் கையில் கிடைத்தால், நிறுத்துமிடத்தில் அதை அழுத்தியே எது நம் வண்டி என்று கண்டுகொள்வர்.

கிடைக்கவில்லையெனில், மலிவான வழி, வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை வரவழைத்தலே. இரவுப் பேருந்தில் ஓர் உறவினர் கொண்டுவந்து சேர்க்கும் செலவு, புதிய சாவி செய்யும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. விடுதியில் ஓரிரவு தங்கிக் காத்திருத்தல் இழப்பன்று. வண்டியை அகற்றியே தீரவேண்டுமெனில், முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் மேடை வண்டியையே கேட்கவேண்டும். ஸ்டியரிங் பூட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்தல் இடர் தரும். தானியங்கிப் பற்சக்கர அமைப்புடைய வண்டிக்கு அதனால் பழுதும் நேரும்.

இரண்டாவது சாவியும் இல்லாதவர் புதிய சாவியைச் செய்தே ஆகவேண்டும். உலோகச் சாவியை ஊர்ச் சாவித் தொழிலாளி ஓரிரு மணியில் செய்து தருவார். சில்லுடைய சாவிக்கு, வெட்டுவது பாதி வேலையே. வண்டியின் நினைவகத்தில் புதிய சில்லைப் பதிவு செய்வது மறுபாதி. வண்டி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலும், உரிய கருவி வைத்திருக்கும் தனித் தொழிலாளியிடமும் அது நடைபெறும். பணிமனைக்கு வெளியூரிலிருந்து சாவி வரவேண்டியிருந்தால் சில நாள்கள் ஆகலாம்.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன சான்று முன்னிற்கிறது. நல்ல தொழிலாளி முதலில் கேட்பது, பதிவுச் சான்றிதழும் உரிமையாளரின் அடையாள அட்டையுமே. ‘என்னைத் திருடனென்று எண்ணினாயா?’ என்று சினங்கொள்ளுதல் தவறு. ஒன்றும் கேளாமல் சாவி செய்து தருபவர், நாளை நம் வண்டிக்கும் பிறருக்கு அவ்வாறே செய்து தருவார். கேட்பவரே நம்பத் தக்கவர். ஆனால் அந்தச் சான்றிதழ் பூட்டிய வண்டியின் அறைக்குள் அல்லவா இருக்கிறது என்பர். அதன் பொருட்டே, டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் அவற்றைக் கைப்பேசியில் வைத்திருத்தல் வேண்டும். 2018 முதல் அவற்றிலுள்ள ஆவணங்கள் சட்டப்படி செல்லத்தக்கன. வண்டியின் சட்ட எண்ணாகிய 17 குறிகள் கொண்ட எண்ணும் அதில் இருக்கும். பணிமனையார் உரிய சாவியைக் கண்டறிய அது பயன்படும்.

வேலையைத் தொடங்குமுன் கூலியைப் பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். வேலை நடக்கும்போது உடனிருக்கவேண்டும். முடிந்தபின் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: தொலைந்த சாவியின் பதிவு வண்டியின் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டதா? இப்போது மொத்தம் எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன? அந்த எண்ணிக்கையும் நம் கையிலுள்ள சாவிகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கவேண்டும். ஆயினும் ஒன்று: பதிவு நீக்கப்பட்ட சாவியால் எஞ்சினைக் கிளப்ப இயலாதேயன்றி, அதன் உலோகப் பகுதியால் கதவைத் திறக்கலாம். திருட்டென்று ஐயமிருந்தால் கதவுப் பூட்டுகளையும் மாற்றிவிடுதல் நன்று.

பலர் மறந்துவிடும் கடமை ஒன்று உண்டு. சாவி தொலைந்ததைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துச் சான்று பெறுதலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவித்தலுமே அது. வண்டி களவுபோய் இழப்பீடு கேட்கும்போது, அந்நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்றுதான் உண்டென்றால், மற்றது எங்கே, எப்போது தொலைந்தது என்ற கேள்வி எழும். வண்டியிலேயே சாவியை விட்டுச் சென்றீர்கள் என்ற ஐயத்துக்கும் இடமாகும். அன்று எழுதி வாங்கிய ஒரு தாள், பல இலட்ச ரூபாய் வழக்கில் நமக்குத் துணை நிற்கும். சாவி மாற்றும் செலவையே ஏற்கும் துணைக் காப்பீடும் இப்போது கிடைக்கிறது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது கேட்டறியலாம்.

இனி, புறப்படுமுன் செய்யவேண்டுவன. இரண்டாவது சாவியையும் பயணத்தில் கொண்டுசெல்லுங்கள். ஆனால் வேறொருவர் பையில் இருக்கட்டும். வண்டியின் அடியிலோ சக்கரத்தின் மேலோ ஒளித்து வைக்கவேண்டா. நாம் அறிந்த மறைவிடங்களை நமக்கு முன்னே திருடர் அறிவர். செருகாச் சாவியை வண்டியினுள்ளேயே விட்டுவைப்பதும் ஆகாது. வண்டி அதனை உணர்ந்து கதவைத் திறந்துகொடுத்துவிடக்கூடும். புதிய வண்டியோடு சாவி எண் பொறித்த சிறு தகடோ அட்டையோ வந்திருந்தால், அதை வீட்டுப் பெட்டியில் வைத்து, எண்ணை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு, பழைய சாவி இல்லாமலே புதிய சாவி வெட்டலாம். பழைய வண்டியை ஒரே சாவியோடு வாங்கியவர், அந்த ஒன்று நலமாக இருக்கும்போதே மற்றொன்று செய்துகொள்ளவேண்டும். ஒரு சாவியேனும் கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. எல்லாச் சாவிகளும் தொலைந்தபின் பல வண்டிகளில் வேலையும் செலவும் பன்மடங்காகும்.

பணப்பையைக் காப்பது போலச் சாவியைக் காப்போர் சிலரே. பணம் போனால் போன பணத்தளவே இழப்பு. சாவி போனாலோ, நம்மோடு வந்த முதியவரும் குழந்தைகளும் அறியாத ஊரில் இரவைக் கழிக்க நேரும். சான்றுத் தாள்கள் கைப்பேசியில் இருக்க, சாவி எண் குறிப்பில் இருக்க, இரண்டாவது சாவி துணைவர் பையில் இருக்கப் பயணம் புறப்பட்டவர், வழியில் ஒரு சாவியை இழந்தாலும் வண்டியின் உரிமையாளராகவே நிற்பார். இந்த ஏற்பாட்டுக்கு அரை மணி நேரம் போதும். அடுத்த பயணத்துக்கு முன் நேயர்கள் அந்த அரை மணியை ஒதுக்குவார்களாக!